பாஸ்வேர்டு மேனேஜர்: பூட்டிவிட்டு நாமே வெளியே நிற்காமல் இருக்க

பாஸ்வேர்டு மேனேஜர், அதாவது எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரே பெட்டகத்தில் பூட்டிவைக்கும் மென்பொருள், வைத்துக்கொள்ளச் சொன்னால் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: “எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சா, அதையே ஹேக் பண்ணிட்டா?” நியாயமான கேள்வி. 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜர் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளையே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே இருந்த கடவுச்சொற்கள் குறியாக்கம் செய்யப்பட்டவை (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டவை) என்றாலும், யார் எந்தெந்தத் தளத்தில் கணக்கு வைத்திருக்கிறார் என்ற முகவரிகள் அப்படியே படிக்கிற நிலையில் இருந்தன. பெட்டகத்தையே திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டைச் சொத்தையாக வைத்திருந்தவர்களுக்குத்தான் அதில் பெரிய தலைவலி.

ஆனால் நான் பார்த்தவரை, புதிதாகத் தொடங்குகிறவர்களைக் கவிழ்ப்பது திருடன் அல்ல. பீரோவைப் பூட்டி, சாவியை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். தெரிந்த மருந்துக்கடைக்காரர் ஒருவர் ரொம்ப நாளாக விரல் வைத்தே தன் பெட்டகத்தைத் திறந்துகொண்டிருந்தார். போன் தண்ணீரில் விழுந்தது. புதுப் போன் வாங்கினார். அது மாஸ்டர் பாஸ்வேர்டு கேட்டது. அதை அவர் கடைசியாகத் தட்டச்சு செய்தது, போன போனில் முதன்முதலாக நிறுவிய அன்று! ஜிஎஸ்டி தளம், மொத்த வியாபாரியின் ஆர்டர் தளம், மெயில் எல்லாவற்றின் கடவுச்சொற்களும் அந்தப் பெட்டகத்துக்குள். யாரும் எதையும் திருடவில்லை.

அதனால் இந்தக் கட்டுரை எந்த மேனேஜர் சிறந்தது என்று பட்டியல் போடப்போவதில்லை. ஒன்றை எடுத்துக்கொண்டு, வெளியே மாட்டிக்கொள்ளாமல் தொடங்குவது எப்படி என்று மட்டும் பார்ப்போம். உதாரணத்துக்கு பிட்வார்டனை எடுத்துக்கொள்கிறேன். 2016-இல் வந்தது, மூலநிரலை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம், இலவசத் திட்டத்திலேயே எத்தனை கடவுச்சொற்களையும் எத்தனை கருவிகளிலும் வைத்துக்கொள்ளலாம். வேறொன்றைப் பயன்படுத்தினாலும் கீழே சொல்வதில் பாதிக்கு மேல் அப்படியே பொருந்தும். இணையமே வேண்டாம், கோப்பு என் கையில் இருந்தால் போதும் என்பவர்களுக்கு கீபாஸ் எக்ஸ்சி இருக்கிறது. அதில் கோப்பைத் தொலைத்தாலும் கதை முடிந்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நிறுவுவதற்கு முன்: எது எதைத் திறக்கிறது?

கணினியைத் தொடவேண்டாம். ஒரு தாளை எடுங்கள். இன்று இரவு உங்கள் போன் தொலைந்துவிட்டது, லேப்டாப்பும் பையோடு போய்விட்டது என்று வைத்துக்கொண்டு, நாளைக் காலை ஒரு புதுப் போனில் எந்த வரிசையில் உள்ளே போவீர்கள் என்று எழுதிப் பாருங்கள்.

மெயிலைத் திறக்க அதன் கடவுச்சொல் வேண்டும். அது எங்கே? பெட்டகத்தில். பெட்டகத்தைத் திறக்க மாஸ்டர் பாஸ்வேர்டு வேண்டும், அது தலையில் இருக்கிறது, சரி. ஆனால் 2025 முதல், இரண்டடுக்குச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு) வைக்காத கணக்குகளில் புதிய கருவியிலிருந்து நுழைந்தால், பிட்வார்டன் மெயிலுக்கு ஒரு எண் அனுப்பிச் சரிபார்க்கிறது. மெயிலைத் திறக்கப் பெட்டகம், பெட்டகத்தைத் திறக்க மெயில். இப்படி ஒரு வட்டம் உங்கள் தாளில் விழுந்தால் அதை உடைக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

நம் ஊரில் இன்னொரு கண்ணியும் உண்டு, சிம். எல்லாவற்றுக்கும் ஓடிபி. சிம் தொலைந்து மாற்று சிம் வாங்கினால், மோசடியைத் தடுப்பதற்காக முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்திய எண்ணை வங்கிக்காக மட்டும் வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் இன்னும் பெரிது. ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் எதற்குமே பயன்படுத்தாமல் விட்டு, கணக்கில் காசும் இல்லையென்றால் இணைப்பைத் துண்டித்துவிடலாம். பிறகு அந்த எண் வேறு ஒருவருக்குப் போய்விடும். உங்கள் ஓடிபியும் அவருக்கே போகும். ஆகவே எது எதெல்லாம் அந்த எண்ணை மட்டும் நம்பியிருக்கிறது என்பதையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

வட்டத்தை உடைக்க வழி எளிது. இரண்டே இரண்டு கடவுச்சொற்களை மேனேஜருக்கு வெளியிலும் வைத்திருக்க வேண்டும்: மாஸ்டர் பாஸ்வேர்டு, முதன்மை மெயிலின் கடவுச்சொல். மெயில் ஜிமெயில் என்றால் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் பேக்கப் கோடு என்று 10 எண்கள் தருவார்கள். ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒவ்வொன்றையும் ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். போன் இல்லாத நாளில் அதுதான் கை கொடுக்கும். இப்போதே எடுத்து அச்சிடுங்கள் அல்லது எழுதிக்கொள்ளுங்கள்.

மாஸ்டர் பாஸ்வேர்டு

பிட்வார்டனில் குறைந்தது 12 எழுத்து வேண்டும். அதற்காக ஒரு பெயர், ஒரு ‘அட்’ குறி, பிறந்த ஆண்டு என்று பழைய பாணியில் அமைக்காதீர்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்தால் நீளமாகவும் இருக்கும், நினைவிலும் நிற்கும். சொற்களை நீங்களாக யோசிக்க வேண்டாம். மனம் போகிற போக்கில் வருகிற சொற்கள் எல்லாம் ஒரே வீட்டுச் சொற்களாக இருக்கும். பிட்வார்டனிலேயே சொற்றொடர் உருவாக்கும் வசதி இருக்கிறது. சினிமாப் பாட்டு வரி, பள்ளியில் படித்த செய்யுள் எதுவும் வேண்டாம். இணையத்தில் இருக்கிற எந்த வரியையும் உடைப்பவர்களின் மென்பொருள் முயன்று பார்க்கும்.

தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்தால் யாருக்கும் தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். யோசனை நல்லதுதான், அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. நாம் யாரும் தங்கிலீஷில் ஒரே மாதிரி எழுதுவதில்லை. ‘மழை’யில் வரும் ழகரத்துக்கு ஒரு நாள் இசட்-எச் போடுவோம், இன்னொரு நாள் வெறும் எல். ‘தக்காளி’க்குக் கே ஒன்றா இரண்டா, தொடக்கத்தில் டி மட்டுமா, டி-எச்சா? ஆறு மாதம் கழித்து நீங்கள் சரியான சொல்லையே அடிப்பீர்கள், பெட்டகம் தவறு என்று சொல்லும். தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் ‘படம்’, ‘மரம்’ போல எழுத்துக்கூட்டலில் சந்தேகமே வராத சொற்களாகப் பொறுக்குங்கள்.

தமிழ் எழுத்திலேயே மாஸ்டர் பாஸ்வேர்டு வைப்பதும் வேண்டாம். வீட்டுக் கணினியில் தமிழ்99, போனில் வேறு விசைப்பலகை, பிரவுசிங் சென்டரில் எதுவுமே இருக்காது. போதாததற்கு, ‘கொ’ போன்ற எழுத்தில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு வேறாகத் தெரியக்கூடும்.

கணக்கு திறக்கும்போது குறிப்பு ஒன்று கேட்பார்கள். மறந்துபோனால் உங்கள் மெயிலுக்கு வரும் துப்பு அது. பாஸ்வேர்டையே எழுதிவிடாதீர்கள், உங்களுக்கு மட்டும் புரியும்படி ஏதாவது வையுங்கள். அதே பக்கத்தில் சேவையகம் எது என்ற தேர்வும் இருக்கும்: டாட் காம் அல்லது டாட் இயூ. இரண்டும் தனித்தனிக் கணக்குகள். டாட் காமில் திறந்துவிட்டு டாட் இயூவில் போய் நின்றால், மாஸ்டர் பாஸ்வேர்டு சரியாகவே இருந்தாலும் தவறு என்றுதான் பதில் வரும். இதில் அநியாயத்துக்குப் பேர் குழம்புகிறார்கள்.

இன்னொன்று: மென்பொருளை கூகுளில் தேடி மேலே வரும் விளம்பரத்தைச் சொடுக்கி நிறுவாதீர்கள். 2023 தொடக்கத்தில் பிட்வார்டன் பெயரில் போலித் தளத்துக்கு இழுக்கும் விளம்பரங்களே தேடலில் வந்தன. முகவரியை நீங்களே அடியுங்கள், அல்லது போனின் ஆப் ஸ்டோரில் நிறுவனப் பெயரைப் பார்த்து எடுங்கள்.

முதல் சில நாட்கள்: சும்மா பழகுங்கள்

கணக்கு திறந்த சூட்டோடு எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்ற உட்கார வேண்டாம். ஒரு செய்தித்தளம், ஒரு ஷாப்பிங் தளம் என்று தொலைந்தாலும் கவலைப்படத் தேவையில்லாத சிலவற்றை மட்டும் போடுங்கள். விரல்ரேகையை இன்னும் இயக்காதீர்கள். தினமும் மாஸ்டர் பாஸ்வேர்டைக் கையால் அடித்துத் திறக்க வேண்டும். எரிச்சலாக இருக்கும், தெரியும். விரல்கள் தானாக அடிக்கும் அளவுக்குப் பழகிய பிறகு விரல்ரேகையை வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் வாரத்துக்கு ஒருமுறையாவது கையால் திறங்கள். கையால் திறக்காமலே விட்டதால்தான் அந்த மருந்துக்கடைக்காரர் மாட்டிக்கொண்டார்.

பூட்டுவதும் லாக் அவுட் செய்வதும் ஒன்றல்ல. பூட்டினால் பெட்டகத்தின் பிரதி குறியாக்கத்தோடு அந்தக் கருவியிலேயே இருக்கும். நெட் இல்லாவிட்டாலும் திறந்து படிக்கலாம். லாக் அவுட் செய்தால் அந்தப் பிரதி போய்விடும். திரும்ப நுழைய நெட்டும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் வேண்டும். சொந்தக் கருவிகளில் நேரம் கடந்தால் பூட்டு என்று வையுங்கள். அலுவலகக் கணினியில் வேண்டுமானால் லாக் அவுட்.

இரண்டடுக்கும் அந்த 32 எழுத்தும்

பெட்டகத்துக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு வையுங்கள். இலவசத் திட்டத்தில் ஆத்தென்டிகேட்டர் ஆப் (நுழையும்போது கேட்கும் எண்ணைப் போனிலேயே காட்டும் ஆப்) போதும். ஆனால் பெட்டகத்தைத் திறக்கும் எண்ணைப் பெட்டகத்துக்குள்ளேயே வைக்காதீர்கள். கூகுள் ஆத்தென்டிகேட்டர் 2023 முதல் கூகுள் கணக்கோடு ஒத்திசைகிறது. அதை நம்பினால், கூகுள் கணக்கின் கடவுச்சொல் உங்கள் தலையிலோ தாளிலோ இருக்கிறதா என்று மறுபடி அந்த வட்டத்தைச் சரிபாருங்கள்.

இயக்கிய கையோடு இணைய உலாவியில் பெட்டகத்தைத் திறந்து செட்டிங்ஸ், செக்யூரிட்டி, டூ-ஸ்டெப் லாகின் என்று போய் ரெக்கவரி கோடைப் பாருங்கள். 32 எழுத்து. ஆத்தென்டிகேட்டர் இருந்த போன் போய்விட்டால் இதைக் கொடுத்து இரண்டடுக்கை அணைத்துவிட்டு உள்ளே போகலாம். மாஸ்டர் பாஸ்வேர்டு மறந்ததற்கு இது மருந்தல்ல. அதுவும் இதுவும் சேர்ந்தே வேண்டும். ஒருமுறை பயன்படுத்தினால் பழையது செல்லாது, புதியதை எடுத்து எழுத வேண்டும். பலர் இந்தக் கோடை பெட்டகத்துக்குள்ளேயே ஒரு குறிப்பாகச் சேமிக்கிறார்கள். அதனால் என்ன பயன் என்று நீங்களே சொல்லுங்கள்.

தாள்

இதுதான் மொத்த ஏற்பாட்டின் முதுகெலும்பு, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு ஏ4 தாள், பால்பாயிண்ட் பேனா. ஜெல் பேனா வேண்டாம், ஈரம் பட்டால் பரவிவிடும். பில் போடும் தெர்மல் தாளில் அச்சிடவும் வேண்டாம், எழுத்து மங்கிவிடும். மேலே தேதி. அதற்குக் கீழே எந்த மேனேஜர், டாட் காமா டாட் இயூவா, எந்த மெயில் முகவரியில் கணக்கு. மூன்று மெயில் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் சொன்னது மிக முக்கியம். பிறகு மாஸ்டர் பாஸ்வேர்டு. பிறகு 32 எழுத்து ரெக்கவரி கோடு, நாலு நாலாகப் பிரித்து. மெயிலின் கடவுச்சொல், அதன் பேக்கப் கோடுகள். போனைத் திறக்கும் பின்னையும் எழுதுங்கள். மருத்துவமனையில் நீங்கள் படுத்திருக்கும் நாளில் வீட்டார் முதலில் கேட்பது அதைத்தான்.

எழுதும்போது பூஜ்யத்துக்குக் குறுக்கே கோடு போடுங்கள், ஒன்றுக்கும் சிறிய எல்லுக்கும் வித்தியாசம் தெரியட்டும், சொற்களுக்கு நடுவே இடைவெளியா கோடா என்பதும் தெரியட்டும். எழுதி முடித்ததும் நினைவிலிருந்து அல்ல, அந்தத் தாளைப் பார்த்து, வேறொரு கருவியில் அடித்து நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால்தான் அது தாள். இல்லையென்றால் வெறும் காகிதம்.

மாஸ்டர் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். உங்கள் பாஸ்வேர்டை ஊர் உலகத்தில் எங்கிருந்தோ தேடுகிறவன் உங்கள் பீரோவுக்கு வரமாட்டான். பீரோவுக்கு வருகிறவன் நகையைத்தான் தேடுவான். வீட்டிலேயே நம்ப முடியாத ஆள் இருந்தால் கதை வேறு. அப்போது மாஸ்டர் பாஸ்வேர்டை ஒரு வீட்டிலும், ரெக்கவரி கோடை இன்னொரு வீட்டிலும் வைக்கலாம். மற்றவர்களுக்கு: ஒரு பிரதி பத்திரங்களோடு உறையில் ஒட்டி, இன்னொன்று அக்கா வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளாதீர்கள். அந்தப் படம் கேலரியில், கிளவுடில், பழைய போனில் என்று எங்கெங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும்.

காசு கட்டும் திட்டத்தில் அவசர அணுகல் என்று ஒரு வசதி இருக்கிறது. நம்பிக்கையான ஒருவரைக் குறித்துவைத்தால், அவர் கேட்ட பிறகு நீங்கள் வைத்த காத்திருப்பு நாட்கள் முடிந்ததும், இடையில் நீங்கள் மறுக்காவிட்டால், அவருக்குப் பெட்டகம் திறக்கும். பார்க்க மட்டும் விடலாம், அல்லது புது மாஸ்டர் பாஸ்வேர்டு வைத்துக் கணக்கையே எடுத்துக்கொள்ள விடலாம். அவருக்கு இலவசக் கணக்கு இருந்தாலே போதும். கணவன் மனைவி இருவரில் ஒருவர்தான் எல்லா ஆன்லைன் வேலையும் பார்க்கிறார் என்றால் இதற்குச் செலவழிப்பது வீண் இல்லை.

பழையவற்றைக் கொண்டுவருவது

குரோமில் சேமித்த கடவுச்சொற்களை சிஎஸ்வி கோப்பாக எடுத்து இங்கே இறக்கலாம். அந்தக் கோப்பில் எல்லாம் பச்சையாக, படிக்கிற மாதிரி இருக்கும். இறக்கி முடித்து நாலைந்தைச் சரிபார்த்த உடனே டவுன்லோட்ஸிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழியுங்கள். அப்புறம் குரோமின் சேமிக்கட்டுமா என்ற கேள்வியை அணைத்துவிடுங்கள். இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சேமிக்கப்பட்டால் எது புதியது என்று தெரியாமல் போகும்.

கடவுச்சொல் மாற்றும்போது வரிசை முக்கியம். முதலில் மேனேஜரில் புதியதை உருவாக்கிச் சேமியுங்கள், பிறகு தளத்தில் ஒட்டி மாற்றுங்கள், பிறகு தளத்திலிருந்து வெளியேறி மறுபடி நுழைந்து பாருங்கள். சில பழைய தளங்கள் நீளமான கடவுச்சொல்லைச் சத்தமில்லாமல் வெட்டிக்கொள்ளும். வெளியேறிப் பார்த்தால்தான் தெரியும். தவறிப்போனால் பயப்பட வேண்டாம், ஒவ்வொரு பதிவிலும் அதன் பழைய கடவுச்சொற்களில் கடைசி 5 இருக்கும். அழித்த பதிவும் 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும்.

யுபிஐ பின், ஏடிஎம் பின் இரண்டையும் இதில் போடத் தேவையில்லை. தானாக நிரப்பும் வசதி ஒரு தளத்தில் வழக்கம்போல் வராவிட்டால், கையால் அடிக்கும் முன் முகவரியை ஒருமுறை படியுங்கள். போலித் தளத்தை நம் கண்ணைவிட மேனேஜர் சீக்கிரம் கண்டுகொள்ளும்.

பேக்கப்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டகத்தை ஒரு கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து பென்டிரைவில் வையுங்கள். குறியாக்கம் செய்த ஜேசன் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு வகை கேட்கும். ஒன்று அதே கணக்கில் மட்டும் திறப்பது, மற்றது தனிக் கடவுச்சொல்லால் திறப்பது. இரண்டாவதை எடுங்கள். முதல் வகை, கணக்கே போய்விட்டால் எதற்கும் உதவாது. நாம் பேக்கப் எடுப்பதே அந்த நாளுக்காகத்தானே. கோப்பின் கடவுச்சொல்லையும் தாளில் சேருங்கள். ஜேசன் கோப்பில், பதிவுகளோடு இணைத்த கோப்புகள் வராது. பாஸ்போர்ட் நகல் போன்றவற்றைப் பெட்டகத்தில் இணைத்திருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். குடும்பத்தோடு பகிர்ந்த தொகுப்பில் இருப்பவையும் உங்கள் தனி எக்ஸ்போர்ட்டில் சேராது.

ஒருவேளை மாட்டிக்கொண்டால்

முதலில், எந்தக் கருவியிலும் லாக் அவுட் செய்யாதீர்கள், ஆப்பை அழித்துவிட்டு மறுபடி நிறுவாதீர்கள். பதற்றத்தில் எல்லோரும் செய்வது அதைத்தான். எஞ்சியிருந்த ஒரே பிரதியும் அதோடு போய்விடும். மெயில் முகவரி சரியா, டாட் காமா டாட் இயூவா, கேப்ஸ் லாக் விழுந்திருக்கிறதா, விசைப்பலகை தமிழில் நிற்கிறதா என்று பாருங்கள். குறிப்பை மெயிலுக்கு வரவழையுங்கள். ஏதாவது ஒரு போனிலோ பழைய டேப்லெட்டிலோ விரல்ரேகையில் பெட்டகம் இன்னும் திறக்கிறதா? திறந்தால், எக்ஸ்போர்ட் மாஸ்டர் பாஸ்வேர்டு கேட்கும், ஆனால் ஒவ்வொரு பதிவையும் திறந்து படிக்க முடியும். உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள், மெயிலிலிருந்து தொடங்கி.

எதுவும் இல்லையென்றால் நிறுவனத்துக்கு எழுதியும் பயனில்லை. உங்கள் மாஸ்டர் பாஸ்வேர்டு அவர்களிடம் இல்லை. சமூக ஊடகத்தில் “நான் மீட்டுத் தருகிறேன்” என்று வருகிறவர்கள் அனைவரும் மோசடிக்காரர்கள். கணக்கை அழிக்கும் வழி ஒன்று உண்டு: மெயிலுக்கு வரும் இணைப்பைச் சொடுக்கினால் பழைய பெட்டகம் அழிந்து, அதே முகவரியில் புதிதாகத் தொடங்கலாம். அதன் பிறகு ஒவ்வொரு தளமாக ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ போட வேண்டியதுதான். மெயில் முதலில், ஏனென்றால் மற்றவற்றின் மீட்பு இணைப்புகள் எல்லாம் அங்கேதான் வரும். அடுத்து வங்கி, நெட்பேங்கிங் கடவுச்சொல்லை டெபிட் கார்டும் பதிவான எண்ணும் இருந்தால் பெரும்பாலும் வீட்டிலிருந்தே மாற்றிவிடலாம், இல்லையென்றால் பாஸ்புக்கோடு கிளைக்குப் போங்கள். வருமான வரி, பிஎஃப் தளங்களை ஆதார் ஓடிபி மூலம் மீட்கலாம், ஆதாரில் இருக்கும் எண் இன்னும் உங்களுடையதாக இருந்தால்.